தவிர்க்கக்கூடிய பாரம்

நெவில் ட்ராஸ்க் அறுபத்தேழு வயதுவரை ஒரு தடவைகூடச் சிவப்பு விளக்கைத் தாண்டியதில்லை. எங்கள் டல்வாரா ஊரில் சிவப்பு விளக்கே கிடையாது என்பது வேறு விஷயம். மூன்று மணி நேரம் ஓட்டிப் பட்டணத்துக்குப் போகும் நாட்களில் அவர் மஞ்சள் விளக்குக்கே நின்றுவிடுவார்; பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போவார்கள். கோதுமைக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெடிய, ஒல்லியான, சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். ஒருவரைச் சட்டத்தை வைத்து வதைக்க வேண்டுமென்றால் இப்படிப்பட்டவரைத்தான் பிடிக்க வேண்டும். சட்டத்தை மதிக்காதவனைச் சட்டத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

அவர் மனைவி கோரலீ எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பேருந்தை ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. தினமும் இரவு பெட்டி அளவு இயந்திரம் ஒன்று, வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத் திரவத்தை உள்ளே விட்டு, அழுக்கோடு வெளியே எடுக்கும். காலையில் குழாயை மூடும்போது இரண்டு லிட்டர் போல வயிற்றுக்குள்ளேயே விட்டுவைக்கும். அது பகலெல்லாம் வேலை செய்யும். திரவம் அட்டைப் பெட்டிகளில் வரும். ஒரு நாளைக்கு ஒரு பெட்டி, ஒரு பெட்டி பன்னிரண்டு கிலோ.

கோரலீக்கு ஓர் ஆசை இருந்தது. ஜூனில் தொடங்குகிற எங்கள் குளிர்காலத்தில், நல்லர்போர் பாலைவெளி கடலில் முடிகிற செங்குத்துப் பாறைகளுக்குக் கீழே திமிங்கலங்கள் வந்து குட்டி போடும். அக்டோபரில் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு தெற்கே போய்விடும். அதைப் பார்க்க வேண்டும்.

"பொறந்ததுலேருந்து கோதுமையையே பாத்தாச்சு நெவ். வேற ஏதாவது பெருசா பாக்கணும்" என்றார்.

மருத்துவர் போகலாம் என்றார். திரவம் அனுப்பும் கம்பெனி, ஊர்களுக்கு என்றால் கொண்டுவந்து தருவோம், அந்தப் பாலைவெளிச் சாலைக்கு வரமாட்டோம், மொத்தப் பெட்டிகளையும் நீங்களே ஏற்றிக்கொண்டு போங்கள் என்றது. நெவில் பழைய பிக்கப் வண்டி ஒன்றையும், பின்னால் இழுத்துப் போகப் படுக்கை வைத்த சின்னக் கேரவன் ஒன்றையும் வாங்கினார். எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, தான் வேலை பார்த்த கிடங்கின் எடைமேடையில் கொண்டுபோய் நிறுத்தினார். வேறு யாரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள்.

பிக்கப்பில் எழுபது கிலோ அதிகம் என்று காட்டியது. கேரவனின் மூக்கு பிக்கப்பின் வாலில் உட்கார்ந்திருக்கிறது அல்லவா, அந்த மூக்கின் பாரமும் பிக்கப்பின் கணக்கில்தான் சேரும். எடைமேடைக்காரர், பாலைவனத்தில் எவன் நிறுத்தி எடை போடப்போகிறான், பேசாமல் போய்விட்டு வா என்றார். நெவிலால் முடியவில்லை. போன வருடம் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கங்காரு மீது மோதி வண்டியை இழந்தார். காப்பீட்டுக்காரர்கள் மிச்சமிருந்த உலோகத்தையும் சாமான்களையும் எடை போட்டுப் பார்த்து, அளவுக்கு மேல் பாரம், ஒரு காசு கிடையாது என்று கைவிரித்தார்கள். எடை பார்த்துவிட்டா கங்காரு குறுக்கே வந்தது என்று அவர் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

சாமான்களைக் குறைத்துப் பார்த்தார்கள். மடக்கு நாற்காலிகள் போயின, நெவிலின் கருவிப்பெட்டி போயிற்று, கோரலீயின் இரும்புத் தோசைக்கல் மாதிரியான பான்கேக் சட்டியும் போயிற்று. அப்படியும் ஐம்பது கிலோ அதிகமாகவே நின்றது. திரவத்தைக் குறைத்தால் கோரலீயைக் குறைக்க வேண்டியதாகிவிடும்.

சட்டப்படியே ஒரு வழி இருந்தது. கனமான ஸ்பிரிங் பட்டைகளைப் போட்டு, பிரேக்கைச் சோதித்து, வாகன நிறை உறுதிப்பாட்டு ஆணையத்திடம் காட்டினால், கதவோரத்தில் சீட்டுக்கட்டுச் சீட்டளவுக்கு ஒரு அலுமினியத் தகடு அறைந்து தருவார்கள். இந்த வண்டி இனிமேல் இன்னும் முந்நூறு கிலோ தூக்கலாம் என்று அதில் போட்டிருக்கும். நெவிலுக்குச் சந்தோஷம். வழி இருக்கிறது என்று கேட்டாலே சந்தோஷப்படுகிற பிறவி அவர்.

பட்டறை நடத்தும் ரோஸ் வெல்லா இரண்டே நாளில் பட்டைகளை மாற்றினார். காளை மாட்டை ஏற்றினாலும் இனி வண்டி முக்காது என்று டயரைக் காலால் தட்டிச் சொன்னார். ஆனால் கனமான பட்டை என்றால் கனமாகத்தானே இருக்கும். புதுப் பட்டைகள் பழையவற்றைவிட முப்பது கிலோ கூடுதல். கதவோரத்தில் இன்னும் பழைய தகடு. ஐம்பது கிலோ அதிகமாக இருந்தது இப்போது எண்பது கிலோ ஆயிற்று. பலப்படுத்தியதால், சட்டத்தின் கண்ணில் வண்டி இன்னும் பலவீனமாகிவிட்டது.

ஆணையம் பட்டணத்தில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் இருந்தது. நுழைந்ததும் சுவரில், 'ஒவ்வொரு கிலோவையும் மதிக்கிறோம்' என்று ஆளுயர எழுத்து. அதிகாரியைச் சந்திக்க வேண்டுமானால் முதலில் ஆயத்தச் சந்திப்பு நடக்க வேண்டும். ஆயத்தச் சந்திப்புக்கு முன்னால், காத்திருப்போர் அறையின் நாற்காலிகளில் பாதுகாப்பாக உட்காருவது எப்படி என்ற படத்தைப் பார்க்க வேண்டும். நெவில் அதை நின்றுகொண்டு பார்த்தார். படம் முடியும்வரை உட்காருவதற்கு அவருக்கு இன்னும் தகுதி வரவில்லை.

மதிப்பீட்டு அதிகாரியின் பெயர் ட்ரூடி. அங்கே யாரும் கடுகடுப்பதில்லை. முடியாது என்பதைத் தேனில் தோய்த்துக் கொடுக்கப் பயிற்சி பெற்றவர்கள். கோரலீயின் உடம்பைப் பற்றிக் கேட்டு ட்ரூடி உண்மையாகவே கண் கலங்கினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரவம் வண்டியில் தளும்பும், தளும்புகிற பாரத்தைத் தடுப்புகள் வைத்த தொட்டியில்தான் கொண்டுபோக வேண்டும் என்றார். இது தொட்டியில் ஊற்றுகிற சமாசாரம் இல்லை, மூடி முத்திரையிட்ட பை, பை பெட்டிக்குள் இருக்கிறது, பிரித்தால் கிருமி புகுந்துவிடும் என்று நெவில் சொல்லிப் பார்த்தார்.

"பெட்டிக்குள்ள பை, பைக்குள்ள திரவம். இருந்தாலும் திரவம் திரவம்தானே நெவில்?" என்றார் ட்ரூடி, குழந்தைக்குச் சொல்வதுபோல.

பையிலிருக்கும் திரவம் தளும்பாது என்று ஒரு பொறியாளரிடம் எழுதி வாங்கிவரச் சொன்னார்கள். பொறியாளர் ஒரு பையைக் கையில் வாங்கி ஆட்டிப் பார்த்துவிட்டு, எழுதித் தந்தார். ஜூலை போயிற்று.

அடுத்த முறை இரண்டு பேரும் வர வேண்டும், பயணிகளும் பாரம்தான் என்றார்கள். கோரலீ மூன்று மணி நேரம் உட்கார்ந்து வந்து, ஆணையத்தின் தராசில் ஏறினார். அவர் சொல்லியிருந்ததைவிட இரண்டு கிலோ கூடுதல். வீட்டில் காலையில் வெறும் வயிற்றோடு எடை பார்த்தேன், இப்போது உள்ளே திரவம் இருக்கிறது, அதுதான் என்று சாதாரணமாகச் சொன்னார்.

ட்ரூடி தட்டச்சு செய்வதை நிறுத்தினார். எழுந்து உள்ளே போய் இன்னொருவரை அழைத்து வந்தார். அந்த ஆள் இன்னொருவரை அழைத்து வந்தார். மூன்று பேரும் கோரலீயின் வயிற்றைப் பார்த்தபடி நின்றார்கள். அந்த இரண்டு கிலோ பயணியா, சரக்கா என்பது கேள்வி. பெட்டியில் இருந்தபோது அது சரக்கு என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. உள்ளே போனதும் பயணி ஆகிவிடுகிறதா? அப்படியானால் மறுபடி வெளியே வரும்போது என்ன? சரக்கு என்று எடுத்துக்கொண்டால், அதை நகராதபடி கட்டிவைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது.

"என்னையவா கட்டணும்?" என்று கேட்டார் கோரலீ.

"சீட் பெல்ட் போட்டா அது பயணியைக் கட்டினதா ஆகும், கோரலீ. சரக்கைக் கட்டினதா ஆகுமாங்கிறதைத்தான் பாக்கணும். நாங்க உங்க பக்கம்தான் நிக்கிறோம்" என்றார் மூன்றாவது ஆள்.

கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் கோரலீ, முப்பது வருடம் அறுபது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனேன், ஒருத்தனும் எந்தப் பிள்ளை மூத்திரம் போய்விட்டு ஏறியது என்று கேட்டதில்லை என்றார்.

ஆகஸ்ட் கடைசியில், ஆணையத்தின் இயக்குநரே சந்திக்கிறார் என்று சேதி வந்தது. பெயர் ஆட்ரியன் ஃபென்விக். முழுக்கையை மடித்துவிட்டு, மக்களோடு மக்களாக இருக்கிற தோரணை. தேநீரும் தேங்காய்த்தூள் தூவிய கேக்கும் வந்தன. அவர் ஒரு நீண்ட உரையே நிகழ்த்தினார்.

"பாருங்க, நாங்க கெடுபிடி பண்றோம்னு ஜனங்க பேசிக்கிறாங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். நான் பொறுப்புக்கு வந்ததிலேருந்து, எங்க தகடு போட்ட ஒரு வண்டிகூட விபத்துல மாட்டினதில்ல. ஒண்ணுகூட."

நெவில் உண்மையிலேயே வியந்துபோனார். மொத்தம் எத்தனை வண்டிக்குத் தகடு போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். குதர்க்கமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட கேள்வி இல்ல நெவில்" என்றார் இயக்குநர்.

அறையின் ஜன்னல் வழியே முற்றம் தெரிந்தது. நெவிலின் பிக்கப் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் அதே ரகத்தில் பளபளவென்று புத்தம் புதுசாக ஒன்று நின்றது. பின்னால் இழுவையில் மீன்பிடிப் படகு. கோரலீ சும்மா கேட்கப்போய், அது இயக்குநருடையது என்று தெரிந்தது. அதன் கதவோரம் கூடுதல் பாரத்துக்கான தகடு மின்னியது. பட்டை மாற்றியது ரோஸ் வெல்லாவேதான், அதே பட்டைகள்தான். தகடு ஒரே காலையில் வந்துவிட்டது.

அது எப்படி என்று கோரலீ கேட்டதும் இயக்குநர் மகிழ்ச்சியோடு விளக்கினார். அவர் வண்டி புதுசு. பதிவு செய்வதற்கு முன்னாலேயே பட்டையை மாற்றிவிட்டால் அது இந்த ஆணையத்துக்கே வராது, நேராகத் தகடு. பதிவான வண்டியில் அதே பட்டையைப் போட்டால்தான் ஆபத்து.

"அப்ப நாங்க என்ன பண்ணணும்?" என்றார் கோரலீ.

"வாங்கறதுக்கு முன்னாடியே வந்திருக்கணும்" என்றார் இயக்குநர், மிகுந்த வருத்தத்தோடு.

திமிங்கலம் அக்டோபரில் போய்விடும் என்று நெவில் சொன்னார். இயக்குநர் ட்ரூடியைப் பார்த்தார். ட்ரூடி திரையில் எதையோ கூட்டிக் கழித்தார். அவர் முகம் மலர்ந்தது. பாரக் குறைப்பு ஆலோசனை என்று ஒரு சேவை இருக்கிறதாம், இலவசம்.

"மருந்து தவிர்க்க முடியாத பாரம். கோரலீ தவிர்க்க முடியாதவங்க. வண்டிய ஓட்ட ஒரு ஆள் வேணும். கோரலீகிட்டயே கனரக லைசன்ஸ் இருக்கு." ட்ரூடி நெவிலை அன்போடு பார்த்தார். "அதிகமா இருக்கறது எண்பது கிலோ. உங்க எடை எண்பத்தொண்ணு, நெவில்."

கேக் தட்டை இயக்குநர் நெவில் பக்கம் தள்ளிவைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

செப்டம்பர் நடுவில் அவர்கள் புறப்பட்டார்கள். சட்டப்படிதான். பிக்கப்பையும் கேரவனையும் கோரலீ ஓட்டினார். நெவில் பஸ் போகிற தூரம்வரை பஸ்ஸில் போனார்; பஸ் நின்றுபோன இடத்திலிருந்து கையைக் காட்டி, நிற்கிற லாரியில் ஏறிக்கொண்டார். சாலையோரப் பெட்ரோல் நிலையங்களில் கோரலீ காத்திருப்பார். நெவில் வந்து இறங்குவார், ஒன்றாக இறைச்சி அடைத்த மீட் பை சாப்பிடுவார்கள், பிறகு தனித்தனியாகப் புறப்படுவார்கள். பொழுது சாய்ந்ததும் இரண்டு பேரும் ஒரே கேரவனில் படுத்துக்கொள்வார்கள். நின்றுகொண்டிருக்கிற வண்டியில் நெவிலுக்கு எடை கிடையாது.

வைக்கோல் லாரி ஓட்டிவந்த கவன் என்பவர் அவரை ஏற்றிக்கொண்டபோது, முன்னால் போகிற கேரவனில் இருப்பது மனைவி என்று கேள்விப்பட்டு, சண்டையா என்று கேட்டார்.

"இல்ல. நான் எடை அதிகம்."

கவன் அந்த ஒல்லி உடம்பை மேலும் கீழும் பார்த்தார்.

அன்று மத்தியானம்தான் அது நடந்தது. மரம் மட்டை எதுவும் இல்லாத நேர்ச்சாலை. தூரத்தில் கேரவன் சாலையை விட்டு இறங்கி, சரளையில் கோணலாக நின்றிருந்தது. லாரி நிற்பதற்கு முன்பே நெவில் கதவைத் திறந்துவிட்டார். கோரலீ ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சாய்ந்திருந்தார். முகம் வெளுத்து, கழுத்தெல்லாம் வியர்வை. முந்தைய இரவு இயந்திரம் உடம்பிலிருந்து தண்ணீரைக் கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டது. ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. கண் இருட்டிக்கொண்டு வந்தபோது, வலது பக்கம் எதிரே ஒரு மாட்டு லாரி வருவதைப் பார்த்து, இடது பக்கம் ஒடித்திருக்கிறார். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அந்த இருக்கையில் ஆள் இருந்திருந்தால், தலை சுற்றுகிறது என்று சொன்ன மாத்திரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார்.

உப்புக் கலந்த சூப்பைக் குடிக்கவைத்து, காலைத் தூக்கிவைத்து, நெவில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நிறம் திரும்பியது. இனி நெவில்தான் ஓட்ட வேண்டும். கோரலீ எங்கே போவது? இரண்டு பேரும் ஏறினால் இன்னும் அளவுக்கு மேல்தான். கவன் லாரியின் படுக்கையைக் காட்டினார். ஆகவே கோரலீ வைக்கோல் லாரியிலும் நெவில் பிக்கப்பிலுமாகப் போனார்கள். மனைவி சாகப் பார்த்த சாலையில், அந்த மனைவியை முன்பின் தெரியாத மனிதரின் வண்டியில் படுக்கவைத்துவிட்டு, தனியாக, வேக வரம்புக்குள், எடை சரியாக, நெவில் ஓட்டினார். அறுபத்தேழு வருடத்தில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்து கெட்ட வார்த்தை வந்தது. கேட்க ஆளில்லாததால் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பாறை விளிம்புக்குப் போய்ச் சேர்ந்தபோது திமிங்கலங்கள் இன்னும் இருந்தன. கீழே கரும்பாறை என்று நினைத்தது மெல்லப் புரண்டது. அதன் பக்கவாட்டில் வெளுத்த சின்னப் பாறை ஒன்று ஒட்டிக்கொண்டு புரண்டது. குட்டி தாயின் முதுகில் ஏறுவதும் வழுக்கி விழுவதுமாக இருந்தது. கோரலீ வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அந்தக் குட்டியே ஒரு டன் இருக்கும் நெவ், அது பாட்டுக்கு மேல ஏறுது பார் என்றார். நெவில் சிரிக்க முயன்று, முடியாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அங்கே சில நாள் தங்கினார்கள். தினமும் ஒரு பெட்டி தீர்ந்தது. ஒரு நாள் காலை, கோரலீ வெறும் அட்டைகளைக் காலால் மிதித்து மடக்கிக்கொண்டிருந்தவர், சட்டென்று நிறுத்தினார். வீட்டை விட்டுக் கிளம்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. ஏழு பெட்டி காலி.

"நெவ். உன் எடை அளவுக்கு நான் குடிச்சுத் தீத்துட்டேன். நீ இப்ப ஏறலாம்" என்றார்.

திரும்பி வரும்போது ஒன்றாகத்தான் வந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கோரலீ ஆணையத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். சரளையில் இறங்கியதையும், காலி இருக்கையையும், வைக்கோல் லாரியையும் ஒன்று விடாமல் எழுதினார். நல்ல கோபமான கடிதம். பதில் ஒரு மாதத்தில் வந்தது. தங்கள் அனுபவப் பகிர்வு எங்களை நெகிழவைத்தது என்று தொடங்கியது. பழைய அளவுக்குள்ளேயே முழுப் பயணமும் நிறைவேறியிருப்பதால், கூடுதல் பாரத்துக்கான தேவை நிரூபிக்கப்படவில்லை, விண்ணப்பம் முடித்துவைக்கப்படுகிறது. பொறுப்பான பார மேலாண்மைக்காக இந்த ஆண்டின் விருது ட்ராஸ்க் தம்பதிக்கு வழங்கப்படும். வண்டியோடு வரவும்.

போகவே கூடாது என்றார் கோரலீ. ஆச்சரியமாக, போவோம் என்றது நெவில்தான்.

விழா ஆணையத்தின் முற்றத்தில் நடந்தது. சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் ஒலிபெருக்கியில் பேசினார்.

"விதிகள் மனுஷங்களைப் பிரிக்குதுன்னு சொல்றவங்க இந்தத் தம்பதியைப் பாக்கணும். ஒரே பயணம், ரெண்டு வண்டி. இத்தனை வருஷமா பட்டை மாத்து, தகடு போடுன்னு வந்து நிக்கிறவங்களுக்கு நாங்க என்ன சொல்லிட்டிருக்கோம்? வண்டியப் பெருசாக்காதீங்க, குடும்பத்தச் சின்னதாக்குங்க. ட்ராஸ்க் தம்பதி அதச் செஞ்சு காட்டிட்டாங்க!"

கைதட்டினார்கள். ட்ரூடி மறுபடி கண் கலங்கினார். கேடயம் செம்மரக் கட்டையில் இரும்புத் தகடு பதித்தது. நல்ல கனம். கோரலீ அதை வாங்கி, கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, நாலு கிலோ இருக்கும், எங்கள் வண்டியில் இடமில்லை என்று சொல்லி இயக்குநரின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

ஆண்டறிக்கையின் அட்டைக்குப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். கோரலீ ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். நெவில் சுற்றி வந்து பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். இயக்குநர் ஒரு கையில் கேடயத்தோடு வந்து, நெவில் பக்கத்துப் படியில் ஒரு காலைத் தூக்கிவைத்து, திறந்த ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். படக்காரர் எதையோ ட்ரூடியிடம் கிசுகிசுத்தார். ட்ரூடி இயக்குநரிடம் கிசுகிசுத்தார்.

"நெவில், ஒரு நிமிஷம் இறங்கிக்கறீங்களா?" என்றார் இயக்குநர். "உள்ள ஒருத்தர்தான் இருக்கணும். ரெண்டு பேரும் இருந்தா ஜனங்களுக்குத் தப்பான செய்தி போயிடும்."

நெவில் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார். அது பொருந்துகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"நெவில்?"

நெவில் கண்ணாடிக்கு வெளியே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கோரலீ சாவியைத் திருப்பினார். இயந்திரம் உறுமியது. இயக்குநர் புன்னகை மாறாமல், கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள், இத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று மறுபடி தொடங்கினார்.

நெவில் மெதுவாகத் தலையைத் திருப்பி, முதலில் அவர் முகத்தையும், பிறகு படியில் ஊன்றியிருந்த பளபளப்பான ஷூவையும் பார்த்தார்.

"காலை எடுங்க, ஆட்ரியன்" என்றார், சத்தம் போடாமல். "எடை கூடுது."